நல்லூர்த் தீர்த்தம் முடிந்தபின் நாலு நாள்: கோல்ஃப் ஆட எந்த மைதானத்துக்குக் கூட்டிப் போகலாம்?

பரந்தன் ஹயேஸ்

எல்லோருக்கும் வணக்கம். நான் பரந்தனில் சொந்தமாக ஒரு ஹயேஸ் வான் வைத்து ஹயர் ஓடுகிறேன். கோல்ஃப் மைதானம் ஒன்றை நான் நேரில் கண்டதே இல்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

ரொறன்ரோவிலிருந்து என் அத்தான் பதினொரு வருடத்துக்குப் பிறகு நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார். தீர்த்தம் முடிந்தபின் அக்காவும் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போவார்கள். அந்த நேரத்தில் அத்தானும் அவரோடு வருகிற இரண்டு நண்பர்களும் நாலு நாள் கோல்ஃப் ஆட ஆசைப்படுகிறார்கள். "இடத்தை நீயே பார், றோட் தெரிந்தவன் நீதானே" என்று சொல்லிவிட்டார்.

அத்தானுக்கு 63 வயது. வலது முழங்கால் மாற்றி இரண்டு வருடம் ஆகிறது. ஹண்டிகப் 14 என்றார்; அது ஆடுகிறவருடைய தரத்தைக் காட்டுகிற எண்ணாம், குறையக் குறைய ஆட்டம் நல்லதாம். ஒரு நண்பர் அவரைவிட நன்றாக அடிப்பாராம். மற்றவர் போன கோடையில்தான் தொடங்கியவர்.

2009க்குப் பிறகு நாங்கள் தறப்பாள் கொட்டிலில் இருந்த ஒன்றரை வருடமும் மாதம் தவறாமல் காசு அனுப்பினவர் அத்தான். இந்த வானுக்கு முதல் கட்டிய பணமும் அவருடையது. ஒரு நாளும் திருப்பிக் கேட்டதில்லை. என்னிடம் அவர் கேட்கிற முதல் உதவி இது, பிழைக்க விடக்கூடாது.

வன்னிக்குள் கோல்ஃப் மைதானம் இல்லை என்று தெரியும். கிட்ட எது? நாலு நாளில் எத்தனை இடம் பார்க்கலாம்? அவர்களுடைய கோல்ஃப் பைகள் மூன்றும் பெட்டிகளும் வானுக்குள் அடங்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்புவெளி

கிட்ட என்றால் அனுராதபுரம், அடுத்தது எங்கள் திருகோணமலை. இரண்டிலும் விமானப்படை நடத்துகிற மைதானங்கள். அனுராதபுரம் வவுனியாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. திருகோணமலை மைதானம் இருக்கிற சீனக்குடாவுக்கு வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாக 100 கிலோமீற்றர் அளவில் வரும், றோட் நல்ல றோட். சீனக்குடா மைதானம் 18 ஹோல் (பந்தை விழுத்துகிற குழி), குடாக் கடலைப் பார்த்தபடி இருக்கிறது.

ஆவணியில் எங்கள் பக்கம் பெரிதாக மழை இராது. ஆனால் வெயிலும் கச்சான் காற்றும் சேர்ந்து அடிக்கும். பத்து மணிக்குப் பிறகு புல்லின் மேலே வெக்கை நடுங்குவது கண்ணுக்குத் தெரியும். ஆறரைக்கு முதல் பந்தை அடித்தால்தான் சரி. படை முகாமுக்குள் இருப்பதால் முன்னமே பேசி நேரம் எடுக்கவேண்டும். கடவுச்சீட்டு, உங்களுடைய அடையாள அட்டை, வானின் விபரம் எல்லாம் கொண்டு வாருங்கள்.

ஆட்டம் முடிந்து நிலாவெளியில் குளித்துவிட்டு, அடுத்த நாள் கோணேசர் கோயிலுக்கும் போகலாம். மூன்று பேருக்கும் பிடிக்கும்.

செட்டிகுளம் வயல்காரன்

தம்பி, நான் இப்போது செட்டிகுளத்தில் நெல்லும் உழுந்தும் செய்கிறேன். 1993 முதல் ஒன்பது வருடம் நுவரெலியா கோல்ஃப் மைதானத்தில் கெடியாக, ஆடுகிறவர்களுடைய பையைத் தூக்கி யோசனையும் சொல்கிறவனாக, இருந்தவன். எங்கள் குடும்பம் 77 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வவுனியாவுக்கு வந்தது, அப்போது எனக்கு மூன்று வயது. பத்தொன்பது வயதில் அம்மாவின் தம்பி கூப்பிட்டார் என்று திரும்பி மலைக்கு ஏறினேன். மாமாவும் கெடிதான். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகுதான் இங்கே வந்து நிலையாக இருந்தேன்.

ஒன்பது வருடம் மற்றவர்களுடைய பையைத் தூக்கி நடந்ததில் நான் கண்டதைச் சொல்கிறேன். மைதானத்தின் பேரைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். கூட வருகிறவர்களில் யாருடைய கால் மெல்ல நடக்குமோ, அவருக்கு ஏற்ற இடமாகப் பாருங்கள். பதினெட்டு ஹோல் நடந்து முடிக்க நாலரை மணி நேரம் வேண்டும். பந்து தேடி அங்கும் இங்கும் திரும்புவதையும் சேர்த்தால் எட்டு, ஒன்பது கிலோமீற்றர் நடை. முழங்கால் மாற்றினவருக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் வேதனை. ஈரப் புல்லில் இறங்குவது அதைவிட மோசம். பன்னிரண்டாவது ஹோலில் ஒருவர் வலியை வெளியே காட்டாமல் நடக்கத் தொடங்கினால் மற்ற இரண்டு பேருடைய ஆட்டமும் கெட்டுவிடும். நான் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

நுவரெலியாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1889இல் வெள்ளைக்காரர் தொடங்கியது. நகரத்துக்கு நடுவே, கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. நீளம் குறைந்த மைதானம், ஆனால் ஒடுக்கம். இரண்டு பக்கமும் சைப்ரசும் டர்பன்டைனும் சுவர் மாதிரி நிற்கும். பலமாக அடிக்கிறவர்கள் "சின்ன மைதானம்தானே" என்று வந்து, முதல் ஒன்பது ஹோலுக்குள் பையில் இருக்கிற பந்தெல்லாம் மரத்துக்குள் விட்டுவிட்டு நிற்பார்கள். அங்கே காற்று மெல்லிசு, பந்து கூடத் தூரம் போகும். வெளியூர்க்காரர் ஏழாம் நம்பர் மட்டை கேட்டால் நான் அதைவிடக் குறைந்த தூரம் அடிக்கிற எட்டை நீட்டுவேன். முதல் மூன்று ஹோல் வரை நம்பமாட்டார்கள். விடியற்காலைக் குளிரில் அந்தக் கணக்கும் கொஞ்சம் மாறும், அது வேறு.

மழை பிடித்தால் ஆடுகிறவர்கள் கிளப்புக்குள் ஓடிவிடுவார்கள். மாமா என்னை ஓட விடமாட்டார். குடையைக் கையில் தந்து கிரீனுக்கு, அதுதான் குழி இருக்கிற ஒட்ட வெட்டிய புல்தரைக்கு, பக்கத்தில் நிற்கவைப்பார். "தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு பாரு" என்பார். வெயிலில் தட்டையாகத் தெரிகிற கிரீன் மழையில் தன் வாட்டத்தைக் காட்டிவிடும். நூல் மாதிரி ஒரு தண்ணீர்க் கோடு குழிக்கு ஒரு சாண் வலப்பக்கமாக வந்து, பிறகு மெல்ல வளைந்து இறங்கும். அடுத்த நாள் அதே இடத்திலிருந்து பந்தை உருட்டினால் அதே கோட்டில் போகும். பதினெட்டுக் கிரீனையும் எனக்கு அப்படித்தான் தெரியும். இன்றைக்கும் வயலில் வாய்க்கால் வெட்டும்போது மாமா சொன்னது காதில் கேட்கும்.

ஆனாலும் உங்கள் அத்தானுக்கு, அதுவும் நாலே நாளில், நுவரெலியாவை நான் சொல்லமாட்டேன். ஆவணியில் அங்கே தென்மேற்கு மழை இன்னும் ஓயாது, புல் ஈரம், மத்தியானத்துக்குப் பிறகு பனிமூட்டம் இறங்கும். எங்கள் காலத்தில் எல்லோரும் நடந்துதான் ஆடினார்கள். தை முதல் பங்குனி வரை வருவதென்றால் கண்ணை மூடிக்கொண்டு போகச் சொல்வேன்.

அப்புறம், உப்புவெளி சொன்ன சீனக்குடா. மைதானம் நல்லது என்றுதான் ஆடினவர்கள் சொல்கிறார்கள், வெயிலை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் அது விமானப்படை முகாமுக்குள் இருக்கிறது. சிலருக்கு அது வெறும் வாசல். வானத்தில் சத்தம் கேட்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கின சனத்துக்கு அப்படி இல்லை. நேரம் எடுப்பதற்கு முன்பே அத்தானிடம் கேளுங்கள். வாசலில் வைத்துக் கேட்டால், உங்களுக்காக "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே வருவார்.

என் யோசனை திகன. கண்டிக்கு அங்கால, விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் இருக்கிறது. மைதானம் ஏற்ற இறக்கம்தான், ஆனால் ஓடித் திரிய வண்டி கிடைக்கும். அத்தானுக்கு அது ஒன்றே போதும். ஆடினவர்கள் யாராவது இங்கே இருந்தால் மிச்சத்தைச் சொல்லட்டும்.

ஒட்டுசுட்டான் மகள்

நான் ஸ்காபரோவில் இருக்கிறேன். கிழமைக்கு இரண்டு தரம் ஆடுகிறேன், திகனயில் இரண்டு பயணத்தில் மூன்று ஆட்டம் ஆடியிருக்கிறேன். செட்டிகுளம் அண்ணா சொன்னது முழுக்கச் சரி.

திகன மைதானத்தின் பேர் விக்டோரியா. 1999இல் திறந்தது, வடிவமைத்தவர் டொனால்ட் ஸ்டீல் என்ற ஆங்கிலேயர். பார் 73, அதாவது நன்றாக ஆடுகிறவர் மொத்த ஹோலையும் முடிக்கக் கணக்கு வைத்த அடிகள். நீர்த்தேக்கம் மைதானத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு கிடக்கும், தூரத்தில் நக்கிள்ஸ் மலைத்தொடர். ஒன்றிரண்டு ஹோலில் நான் அடிக்க மறந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். இடம் அகலம், அதனால் புதிதாகத் தொடங்கினவருக்கும் மூச்சு முட்டாது. ஒன்று மட்டும் கவனம். ஹோலின் முதல் அடியை அடிக்கிற இடத்தை டீ என்பார்கள், முன்னும் பின்னுமாகச் சில இருக்கும். பின்னாலுள்ள டீயிலிருந்து அடித்தால் நீளம் கொன்றுவிடும். நன்றாக ஆடுகிற நண்பர் பின்னால் போகட்டும், அத்தானும் மற்றவரும் முன் டீயிலிருந்து அடிக்கட்டும். ரொறன்ரோவில் எங்கள் ஆண்கள் இதைக் கௌரவப் பிரச்சினையாக எடுப்பார்கள். அண்ணா, நீங்கள் அவர்களிடம் முதல் நாள் இரவே சொல்லிவையுங்கள்.

மூன்று பேரும் மூன்று தரம் என்பதால் ஸ்டேபிள்ஃபோர்ட் முறையில் புள்ளி எழுதச் சொல்லுங்கள். அதில் ஒவ்வொருவருக்கும் அவருடைய ஹண்டிகப்புக்கு ஏற்ற சலுகை போட்டு, ஹோலுக்கு ஹோல் புள்ளி கொடுப்பார்கள். ஒரு ஹோலில் இனிப் புள்ளி கிடைக்காது என்று தெரிந்தால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போகலாம். புதியவர் பத்து, பன்னிரண்டு அடி அடித்துக்கொண்டு மற்றவர்களைக் காக்கவைக்கத் தேவையில்லை. எனக்கு ஆட்டம் பிடிபட்டதே இந்த முறையில்தான்.

பைகள்: விமானத்துக்கென்று துணியால் ஆன உறை இருக்கிறது, அதில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். இறுகிய பெட்டி வானுக்குள் வளையாது. கடைசி சீற்றை மடக்கினால் மூன்று பையும் குறுக்காகப் படுக்கும், மேலே ஒன்றும் ஏற்றவேண்டாம். வானை வெயிலில் பூட்டிவிட்டுப் போகும்போது மட்டைகளை உள்ளே விடாதீர்கள். மட்டையின் தலையைப் பிடித்திருப்பது பசைதான், கடும் சூட்டில் அது இளகும்.

அம்பாந்தோட்டையிலும் ஆடியிருக்கிறேன். கடற்கரையோரம், பார் 70, 2016இல் திறந்தது. அருமையான இடம். ஆனால் பரந்தனிலிருந்து போய்வரவே இரண்டு நாள் போய்விடும், இந்த முறை வேண்டாம்.

பரந்தன் ஹயேஸ்

இவ்வளவு விளக்கமாக எழுதினீர்கள், மிக்க நன்றி.

நேற்று இரவு அத்தானோடு பேசினேன். சீனக்குடா பற்றி செட்டிகுளம் அண்ணை சொன்ன மாதிரியே கேட்டேன். முகாமுக்குள் போகவேண்டும், உங்களுக்கு எப்படி என்று. ஒரு நிமிசம் சத்தம் இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு "அது வேண்டாமடா" என்றார். நான் ஏன் என்று கேட்கவில்லை. அவருடைய தகப்பனார் எப்படிப் போனார் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கேட்காமல் நேரம் எடுத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துக்கொண்டே படுத்தேன்.

உப்புவெளி, தவறாக எடுக்காதீர்கள். நிலாவெளிக்கு அக்கா, பிள்ளைகளோடு தனியாகக் கூட்டிவருகிறேன்.

முன் டீ விசயத்தையும் சொன்னேன். அத்தான் உடனே சம்மதித்துவிட்டார்.

இன்னும் இரண்டு கேள்வி. அந்த நேரத்தில் கண்டியில் பெரஹரா ஊர்வலம் இருந்தால் றோட்டை மூடுவார்கள், அறையும் கிடைக்காதே? மற்றது, அத்தான் வாயைத் திறந்து கேட்டது நுவரெலியாவைத்தான். சின்ன வயதில் கலண்டர் படத்தில் பார்த்த இடமாம். அதை எப்படி வேண்டாம் என்பது?

செட்டிகுளம் வயல்காரன்

நல்ல வேளை கேட்டீர்கள், தம்பி.

பெரஹராவுக்குப் பயப்படவேண்டாம். அது பூரணையோடு முடிந்துவிடும். நல்லூர்த் தீர்த்தம் ஆவணி அமாவாசையில். நடுவில் இரண்டு கிழமை இடைவெளி இருக்கிறது, நீங்கள் போகும்போது கண்டி ஓய்ந்திருக்கும். ஆனாலும் நகரத்துக்குள் போகாதீர்கள். ஏ9இல் நேரே போனால் அக்குறணையில் மாட்டிக்கொள்வீர்கள். மாத்தளையில் பிரிந்து உக்குவளை, வத்தேகம வழியாக இறங்கினால் திகன வரும். றோட் ஒடுக்கம், ஆனால் நின்று நின்று போகத் தேவையில்லை.

அத்தான் ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறார் என்றால் நாலு நாளை ஐந்தாக்க முடியுமா என்று பாருங்கள். முதல் நாள் பரந்தனிலிருந்து திகனக்கு ஓட்டம் மட்டும், 280 கிலோமீற்றர் வரும். அன்றைக்கு ஆட்டம் வேண்டாம். இரண்டாம் நாள் காலை அங்கே 18 ஹோல், வண்டியில். மூன்றாம் நாள் காலையில் ஆறுதலாக வெளிக்கிட்டு, இறம்பொடை வழியாக நுவரெலியா ஏறுங்கள். வளைவுகள் கனக்க, முழங்காலை நீட்ட இடம் வேண்டும், அத்தானை முன் சீற்றில் வையுங்கள். நாலாம் நாள் விடிய, மழைக்கு முன்பே, ஒன்பது ஹோல். ஒன்பது மட்டும். ஐந்தாம் நாள் திரும்பல். நாலு நாள்தான் என்றால் நுவரெலியாவை விட்டுவிட்டுத் திகனயிலேயே இரண்டு ஆட்டம் ஆடட்டும்.

அங்கே கெடியைப் பிடிக்கும்போது வயது போனவர் ஒருவரைக் கேளுங்கள். அத்தானின் முழங்காலைப் பற்றி அவரிடம் முதலே சொல்லிவிடுங்கள். எந்த இடத்தில் இறக்கம், எந்தப் பக்கமாகச் சுற்றி நடந்தால் சமதரை என்று அவருக்குத் தெரியும். கெடிக் காசு எவ்வளவு என்று கட்டணம் கட்டுகிற இடத்திலேயே கேட்டு, அதைக் குறையாமல் கொடுங்கள். நான் ஒருவருடைய பையைப் பதினெட்டு ஹோலும் மழையில் தூக்கினேன். கடைசிக் கிரீனில் பந்து உள்ளே விழாததற்கு நான் சொன்ன கோடு பிழை என்று அரைக் காசுதான் தந்தார். அன்று இரவு மாமா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன், சோறு இறங்கவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது, அந்தக் கோடு சரி என்று இன்றைக்கும் சொல்வேன்.

பரந்தன் ஹயேஸ்

போய் வந்தோம். ஐந்து நாள் கிடைத்தது. அக்காதான் "போய்ட்டு வாங்கோ" என்று ஒரு நாளைக் கூட்டித் தந்தார்.

பைகள் ஒட்டுசுட்டான் தங்கை சொன்ன மாதிரியே குறுக்காகப் படுத்தன. வத்தேகமப் பாதையில் நாங்கள் மாலை நாலரைக்குத் திகன. அடுத்த நாள் அத்தான் வண்டியை விட்டு இறங்குவதும் அடிப்பதும் ஏறுவதுமாக 31 புள்ளி எடுத்தார். புதிதாகத் தொடங்கினவர் இரண்டு ஹோலில் பந்தைக் கையில் எடுத்தார், மற்றதெல்லாம் முடித்தார். நான் ஓரமாக நடந்துகொண்டு தண்ணீர்ப் பெட்டியைத் தூக்கினேன். பந்து மட்டையில் சரியாகப் படும்போது வருகிற சத்தம் மற்ற நேரத்துச் சத்தம் மாதிரி இல்லை. அரைவாசி ஆட்டத்துக்குள் திரும்பிப் பார்க்காமலே எனக்கு அது பிடிபட்டது.

நுவரெலியாவில் இரவு முழுக்க மழை. விடியற்காலை ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்தால் எதிர்வீடு தெரியவில்லை. ஏழு மணிக்கு வெளித்தது. ஒன்பது ஹோல் மட்டும் ஆடலாமா என்று கேட்டோம், சரி என்றார்கள். வயது போன கெடியைக் கேட்டோம், அறுபது இருக்கும் ஒருவர் வந்தார். அத்தானின் காலைப் பற்றி நான் சொல்லி முடிக்கமுதல் "ஐயா, நீங்க என் பின்னால வாங்க" என்று ஓரமாகக் கூட்டிப்போனார். மூன்றாவது கிரீனில் அத்தான் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றபோது அவர் கொடிக்கம்பால் புல்லைத் தொடாமல் ஒரு கோடு காட்டினார். குழிக்கு ஒரு சாண் வலப்பக்கம்.

நான் கேட்காமல் இருக்க முடியவில்லை. மழையில் நின்று பார்த்ததா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "இத உங்களுக்கு யாரு சொன்னா?" என்றார். செட்டிகுளத்தில் ஒருவர் இருக்கிறார், 93இலிருந்து ஒன்பது வருடம் இங்கே இருந்தவர், அவருடைய மாமாவும் கெடி என்று சொன்னேன். பேர் என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியாது.

அவருடைய நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன், அண்ணை. உங்கள் பேரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு எடுத்தால் வீட்டில் இருப்பாராம்.